நாதம் விலைக்கு வருமா?

மேல்நாட்டுக் கிற்றார் ஒன்றைப்பற்றி ஒரு தமிழ்ப் பண்டிதன் எழுதப் புகுந்தால் அன்பர்கள் சிலர் முறுவலிப்பர் என்பதை அறிவேன். இலக்கணம் படிப்பிக்கின்றவருக்கு இது எற்றுக்கு என்று கேட்பாரும் உளர். ஆயினும் இவ்வழக்கு என் வீட்டு வாசலுக்கே வந்தது. அதனைத் தீர்க்கப் புகுந்த யான் ஈற்றில் என்னையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக்கொண்டேன். ஆதலால் எழுதுகின்றேன்.

என் தங்கையின் மகன் கொழும்பிலே ஓர் அலுவலகத்திற் கணக்கெழுதுகின்றான். வயது இருபத்துநான்கு. மாலை வேளைகளில் நண்பர் சிலருடன் கூடிக் கிற்றார் வாசிப்பான். அவன் வாசிப்பது தாழ்ந்த சுரங்களுக்கென அமைந்த, நான்கு நரம்புடைய பேஸ் கிற்றார். இரண்டு ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு, பீற்றில்ஸ் குழுவினரான போல் மக்காட்னி வாசித்த அதே வகைக் கருவியை வாங்க அவன் எண்ணினான். அவன் தாய்க்கோ மழைக்கு ஒழுகும் அடுக்களைக் கூரையே நினைவு. “அண்ணை, நீங்கள் சொன்னாற் கேட்பான், நல்லாய் ஏசிவிடுங்கோ” என்று அவனை என்னிடம் அனுப்பிவைத்தாள்.

வந்தவன் ஒரு தாளை என் மேசைமீது விரித்தான். ஜேர்மனியிற் செய்யப்படும் ஹொப்னர் என்னும் வயலின் வடிவக் கிற்றார், தட்டையான உலோக நாடா சுற்றிய நரம்புகள், நரம்பை மீட்டுதற்குரிய ‘பிக்’ என்னும் சிறு வில்லை, வொக்ஸ் ஒலிபெருக்கி என்று நிரல்பட எழுதி, எதிரே விலையும் குறித்திருந்தான். “மாமா, இவ்வளவும் இருந்தால் அந்தச் சத்தம் அப்படியே வரும்” என்றான்.

ஏசுதற்கென்றே வாய் திறந்தேன். ஆயினும் ஏடு ஒன்றைக் கண்டால் எந்தப் பிரதி, எந்தக் காலத்தது என்று வினவுவது எம்மனோர் தொழிற்பழக்கம். அப்பழக்கம் முந்திக்கொண்டது. “எந்த ஆண்டுச் சத்தம், தம்பி?” என்று கேட்டுவிட்டேன். அவன் சிறிது நேரம் விடை சொல்லவில்லை. “அதுதான் மாமா கஷ்டம்” என்றான். அன்று தொடங்கி மூன்று மாலைகள் அவன் ஆசிரியனாகவும் யான் மாணாக்கனாகவும் இருந்தோம்.

முதல்நாள் அவன் தன் கைத்தொலைபேசியிலே ஒரு பாட்டை ஒலிக்கவிட்டான். பேஸ் கிற்றாரின் ஒலி எனக்குத் தெளிவாகக் கேட்கவில்லை. அதிற் குற்றம் என் செவியது மட்டும் அன்று. அக்கருவியின் மிகத் தாழ்ந்த நரம்பு நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கின்றது. அத்துணைத் தாழ்ந்த அதிர்வை அச்சிறு பேழையின் ஒலிபெருக்கி எழுப்பமாட்டாது. மேலே எழும் துணை ஒலிகளைக் கொண்டே நம் செவி அடிச்சுரத்தை உய்த்துணர்கின்றது. காதிற் பொருத்தும் நல்ல கருவி ஒன்றைத் தந்த பின்னரே, பாட்டின் அடியில் ஒருவர் தனியே மற்றொரு பாட்டை நடத்திச் செல்வதை யான் கேட்டேன்.

இனி அக்கருவியின் வரலாற்றைச் சொல்வேன். மக்காட்னி 1961 இல் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரிலே அந்த ஹொப்னரை வாங்கினார். அதன் விலை முப்பது பவுண் அளவினது. அவர் இடக்கையர். வலக்கையர்க்கெனச் செய்த கருவியைத் திருப்பிப் பிடித்தால் அது கோணலாகத் தோன்றும். வயலின் வடிவக் கருவியோ இருபுறமும் ஒத்தது. விலை குறைவு, வடிவம் ஒத்தது என்பனவே அவர் அதனைத் தேர்ந்ததற்குக் காரணங்கள். இன்று உலகமெங்கும் இளைஞர் பெருவிலை கொடுத்துத் தேடும் நாதம், கையிற் காசு குறைந்த ஓர் இளைஞன் கிடைத்ததைக் கொண்டு அமைத்த நாதமேயாம்.

அந்த நாதமும் ஒன்றாக நிற்கவில்லை. ஹொப்னர் உள்ளே வெறுமையான மரக்கூடு உடையது. அதன் நரம்பின் அதிரும் நீளம் 30 அங்குலம். ஆதலால் ஒலி உருண்டு திரண்டு எழுந்து விரைவில் அடங்கும். 1965 இல் அமெரிக்காவிலே ரிக்கன்பாக்கர் என்னும் வேறொரு கருவி அவர் கைக்கு வந்தது. அது கெட்டி மரத்தாலானது, நரம்பும் நீளங்கூடியது, ஒலி தெளிந்து நீண்டு நிற்கும். 1966 இல் ‘பேப்பர்பாக் றைற்றர்’ என்னும் பாட்டைப் பதிவுசெய்தபோது, இலண்டன் ஒலிப்பதிவுக் கூடத்துப் பொறியியலாளர் பெரிய ஒலிபெருக்கி ஒன்றையே திருப்பி வைத்து ஒலிவாங்கியாகப் பயன்படுத்தினர். 1967 இல் வெளிவந்த ‘சார்ஜன்ற் பெப்பர்’ இசைத்தட்டிலோ, மற்றெல்லாம் முடிந்தபின் பேஸ் கிற்றாரைத் தனியே வாசித்துச் சேர்க்கும் வழக்கத்தைப் பெரிதும் கைக்கொண்டனர். ஆகவே மக்காட்னியின் ஒலி வேண்டும் என்பவன் எந்த மக்காட்னி என்று முதலிற் சொல்லுதல் வேண்டும்.

இவ்வளவும் யான் எதிர்பார்த்ததே. மூன்றாம் நாள் அறிந்ததே என்னைத் திகைக்கவைத்தது. அந்த ஆண்டுகளில் மக்காட்னிதாமே வேறொருவரின் ஒலியைத் தேடிக்கொண்டிருந்தார்! அமெரிக்காவின் டெற்றோயிற் நகரத்து மோற்றவுண் நிறுவனத்தின் இசைத்தட்டுக்களிலே பேஸ் கிற்றாரின் ஒலி நிறைந்து முழங்கியது. தம் தட்டுக்களில் அது அவ்வாறு முழங்காமை பீற்றில்ஸ் குழுவினர்க்குப் பெருங்குறையாக இருந்தது. அந்த ஒலிக்கு உரியவர் ஜேம்ஸ் ஜேமர்சன் என்னும் கறுப்பின வாத்தியக்காரர். அவர் பெயர் அத்தட்டுக்களில் அச்சிடப்படவில்லை; 1971 இலேதான் மோற்றவுண் தட்டொன்றிலே அவருக்கும் அவர்தம் தோழருக்கும் உரிய பெயர்க்குறிப்பு வந்தது. பெயர் தெரியாத ஒருவரை நாதத்தால் மட்டும் அறிந்து மக்காட்னி பின்பற்றினார். பிற்காலத்தில் தம்மைப் பாதித்தவர்களுள் ஒருவராக ஜேமர்சனைப் பெயர் சுட்டிப் போற்றினார்.

ஜேமர்சனின் கருவிகளோ முற்றும் வேறு. 34 அங்குல நரம்புடைய பென்டர் பிறிசிஷன். தடித்த தட்டை நரம்பு. நரம்பின் அடியில் ஒலியை அடக்கும் பஞ்சுத்துண்டு. நரம்புகளை அவர் மாற்றுவதே இல்லை என்பர்; வேர்வையும் அழுக்கும் ஏறிய பழைய நரம்பில் மேலொலிகள் மங்கி அடியொலி திரண்டு நிற்கும். மீட்டியதோ வலக்கைச் சுட்டுவிரல் ஒன்றே. மக்காட்னி வேறு கருவியில், வேறு நரம்பு நீளத்தில், வில்லை கொண்டு மீட்டி அந்த ஒலியை நாடினார். அது அவருக்கு அகப்படவில்லை. அகப்படாத இடத்திலே பிறந்ததுதான், என் மருமகன் இன்று விலை கொடுத்து வாங்க விரும்பும் நாதம்!

இதனைக் கேட்ட அன்பர் சிலர், ‘ஆகவே கருவியால் ஆவது ஒன்றுமில்லை, எல்லாம் கைத்திறமே’ என்று முடிவுகட்ட விரைவர். யான் அதற்கு உடன்படேன். அது கருவி தொடாதவர் கூறும் தத்துவம். வளைகம்பி சுற்றிய நரம்பு பளீரென்று ஒலிக்கும். தட்டை நாடா சுற்றியது அடங்கி ஒலிக்கும். ஒலியுணர் காந்தம் நரம்பின் தாங்கியை அணுகி இருந்தால் ஒலி கூர்மைபெறும். கழுத்துப்புறமாக இருந்தால் ஆழம்பெறும். இவை பௌதிக உண்மைகள். எவ்வளவு கைத்திறத்தாலும் இவற்றை மறைத்தல் இயலாது. யாப்பறியாதவன் ‘உணர்ச்சி இருந்தாற் போதும்’ என்று வெண்பாப் பாடப் புகுவது போன்றதே கருவியை இகழ்தலும்.

ஆனால் கருவி வாயில், வீடு அன்று. 1972 இல் இலண்டனிலே மக்காட்னியின் முதல் ஹொப்னர் ஒரு வாகனத்திலிருந்து களவுபோயிற்று. ஐம்பது ஆண்டு கடந்து அது மீண்டும் அவரை அடைந்த செய்தி 2024 இல் வெளியாயிற்று. இடைப்பட்ட அவ்வளவு காலமும் பிறர் வசம் கருவி இருந்தது; நாதம் இருக்கவில்லை. ஜேமர்சனின் பென்டரும் அவர் 1983 இல் இறப்பதற்குச் சிறிது முன்னர் களவுபோயிற்று. அவர் ஒலியோ இன்றும் தட்டுக்களிலே நிற்கின்றது.

கருவியே எஞ்சாத இடத்திலும் ஒலியை நாடியவர் நம்மிடையே இருந்தார். பண்டை யாழ் ஒன்றும் கைக்கு எட்டாத காலத்தில், சிலப்பதிகாரம் முதலிய நூல்களின் சான்றுகளைக் கொண்டு நரம்பின் நீளங்களையும் சுரங்களின் அளவுகளையும் கணித்து விபுலானந்த அடிகள் யாழ்நூல் இயற்றினார். அந்நூல் 1947 இல் அரங்கேறியது. அவர் தேடியது யாழின் புறத்தோற்றத்தை மட்டும் அன்று. அவ்வொலி பிறந்ததற்குரிய நியாயத்தை. பின்பற்றுவோர் யாவரும் தேடவேண்டியது அந்த நியாயத்தையே.

இவ்விடத்தில் என் குற்றத்தை ஒப்புக்கொள்ளல் வேண்டும். ஏறத்தாழ இருபது ஆண்டுகளின் முன் என் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். ஆறுமுக நாவலரின் உரைநடையில் அவனுக்கு அளவிறந்த பற்று. ஒருநாள் அதே நடையில், அதே வாக்கிய அமைதியில் ஒரு கட்டுரை எழுதிவந்தான். யான் அதனை வகுப்பிலே உரக்க வாசித்து, ‘நாவலர் மறுபடியும் பிறந்துவிட்டார்’ என்று சொல்லி நகைத்தேன். வகுப்பும் நகைத்தது. அவன் அதன்பின் பரீட்சைக்கு வேண்டியதன்றி ஒருவரியும் எழுதவில்லை. அவன் அன்று நின்றது நெடுவழியொன்றின் முதற்படியில் என்பதை யான் அறிந்திருத்தல் வேண்டும். யானும் என் இளமையில் என் ஆசிரியரின் கையெழுத்தைக்கூடப் பின்பற்றியவன் அன்றோ?

ஆதலால் மருமகனை யான் ஏசவில்லை. “உன் பழைய கிற்றாருக்கே தட்டை நரம்பு கட்டு, தாங்கியின் அருகே ஒரு சிறு பஞ்சுத்துண்டு வை, வில்லையால் மீட்டிப் பழகு. ஒரே ஆண்டின் ஒரே பாட்டை எடுத்துக்கொள். ஆறு மாதம் கழித்தும் குறை தோன்றினால் அது உன் கையின் குறையா, கருவியின் குறையா என்பதை நீயே அறிவாய். கருவியினது என்றால் வாங்கு, தாயாருக்கு யான் சொல்லுவேன்” என்றேன். அவன் முழுமனத்தோடு ஏற்றான் என்று சொல்லமாட்டேன். எனினும் நரம்பு மட்டும் வாங்கினான். மிகுந்த பணத்தின் ஒரு பகுதி கூரைக்குப் போயிற்று.

சென்ற மாதம் விடுமுறைக்கு வந்தவன் அந்தப் பாட்டை எனக்கு வாசித்துக் காட்டினான். “ஓரிடத்தில் மட்டும் அவரைப்போல் இல்லையே, தம்பி” என்றேன். “அந்த இடத்தை நான் மாற்றிப்போட்டன், மாமா” என்றான். ஹொப்னரை இன்னும் அவன் வாங்கவில்லை. இனி வாங்கினாலும் யான் தடுக்கேன்; எதற்காக வாங்குகின்றான் என்பதை இப்போது அவன் அறிவான்.

ஆசிரியத் தொழிலில் உள்ள அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். மாணாக்கன் ஒருவன் தான் விரும்பும் பெரியார் ஒருவரைப் போலவே எழுதியோ பாடியோ மீட்டியோ வந்து நின்றால் நகையாதீர்கள். அதுவே முடிவு என்று புகழவும் வேண்டா. எந்தப் பெரியார், எந்தக் காலத்தவர், அவர் யாரைப் பின்பற்றினார் என்று மட்டும் வினவுங்கள். மற்றதை அவனே தேடிக்கொள்வான். என் பழைய மாணவன் எங்கேனும் இருந்து இதனைப் படிக்க நேருமாயின், அக்கட்டுரை நன்றாகவே இருந்தது என்பதை அவன் அறிதல் வேண்டும். அதனை அன்றே சொல்லியிருத்தல் வேண்டும். சொல்லாமை என் பிழை.