சொப்பும் சொத்தும்

திருநெல்வேலி டவுனிலிருந்து நேயர் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். நீண்ட கடிதம். முதல் இரண்டு பக்கம் க்ஷேம சமாசாரம். மூன்றாம் பக்கத்தில்தான் வழக்கு ஆரம்பமாகிறது. அம்மையாருடைய பாட்டி சிறு பிராயத்தில் விளையாடிய சொப்புச் சாமான் ஒரு தகரப் பெட்டியில் வீட்டு மச்சில் இருக்கிறதாம். அம்மி, உரல், உலக்கை, திருகை, அடுப்பு, குடம், தட்டு - எல்லாம் விரல் நீளத்துக்கு மேற்படாதவை. அரக்குச் சிவப்பு இன்னும் மங்கவில்லை. அம்மிக்குரிய குழவி மட்டும் எப்பொழுதோ காணாமற் போய்விட்டது. ஆறு வயதுப் பேத்தி அந்தப் பெட்டியைத் திறந்து தரும்படி தினந்தோறும் அழுகிறாள். சென்னையில் உத்தியோகம் பார்க்கும் குமாரரோ, "தொடவே கூடாது, நூறு வருஷத்துச் சாமான், லட்சக் கணக்கில் போகும்" என்று தடையுத்தரவு பிறப்பித்திருக்கிறார். "நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்" என்று முடிக்கிறார் அம்மையார்.

தீர்ப்புச் சொல்ல நமக்கு யோக்கியதை உண்டா என்பது வேறு விஷயம். ஆனால் இந்த வழக்கு ஒரு வீட்டோடு நிற்பதல்ல. சில நாட்களுக்கு முன் பாளையங்கோட்டையில் நண்பர் ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தோம். அவருடைய பையனுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். அவன் அலமாரியில் சின்னஞ் சிறு மோட்டார் வண்டிகள் நாற்பது, ஐம்பது அட்டைப் பெட்டிகளில் அடைபட்டு வரிசையாக நின்றன. ஒன்றைக் கையில் எடுத்தோம். "மாமா! பெட்டியைப் பிரிச்சிராதீங்க, வெல போயிரும்!" என்று பையன் பதறிப் போனான். அந்த வண்டிகளில் ஒன்றுகூடத் தரையைக் கண்டதில்லையாம். நாம் அதைப் பயபக்தியுடன் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டோம்.

இன்றைய விளையாட்டுச் சாமான் நாளைக்குப் புராதனப் பொக்கிஷம் ஆகுமா? இந்த நம்பிக்கை முற்றிலும் ஆதாரமற்றது என்று சொல்வதற்கில்லை. 1938-ஆம் வருஷம் அமெரிக்காவில் "ஆக்‌ஷன் காமிக்ஸ்" என்ற படக்கதைப் புத்தகத்தின் முதல் இதழ் 10 சென்டுக்கு விற்றது. சூப்பர்மேன் முதன்முதலில் தோன்றியது அதில்தான். அந்த இதழின் பிரதி ஒன்று 2024-ல் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. இம்மாதிரிச் செய்தியைப் படித்தவுடன் எந்தத் தகப்பனாருக்கும் மச்சிலுள்ள பெட்டி ஞாபகத்துக்கு வருவது இயல்புதான்.

ஆனால் அந்தப் புத்தகம் ஏன் அவ்வளவு விலை போயிற்று என்பதையும் விசாரிக்க வேண்டும். அச்சானது சுமார் 2 லட்சம் பிரதிகள். எஞ்சியிருப்பவை நூற்றுச் சொச்சம்தான் என்று கணக்கிடுகிறார்கள். மற்றவை எங்கே? குழந்தைகள் படித்துக் கிழித்தன. தாய்மார்கள் குப்பையில் எறிந்தார்கள். இரண்டாம் உலக யுத்தத்தின்போது பழைய காகிதம் திரட்டியவர்கள் கட்டுக் கட்டாகக் கொண்டுபோனார்கள். அதாவது, எல்லோரும் அதை அற்பமென்று நினைத்ததனாலேயே மிஞ்சியது அருமையாயிற்று. "இது பிற்காலத்தில் விலை போகும்" என்று அன்றைக்கே ஊரெல்லாம் கண்டுகொண்டிருந்தால், இன்றைக்கு 2 லட்சம் பிரதிகளும் பத்திரமாக இருந்திருக்கும். பத்து ரூபாய்க்குக்கூட ஆள் கிடைத்திராது.

இதற்கு நேர் எதிரான திருஷ்டாந்தமும் அதே தேசத்தில் நடந்தது. 1993-ல் "பீனி பேபி" என்ற சிறு துணிப் பொம்மைகள் விற்பனைக்கு வந்தன. சில வருஷங்களில் ஜனங்களுக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. பொம்மையின் காதிலுள்ள விலைச்சீட்டு மடங்காமலிருக்க அதற்கொரு கண்ணாடிக் காகித உறை வேறு! 1999-ல் லாஸ் வேகாஸ் நகரத்துக் கோர்ட்டில் விவாகரத்துப் பெற்ற தம்பதிகள், நீதிபதியின் முன்னிலையில் தரையில் குந்தி, ஆளுக்கொன்றாகப் பீனி பேபிகளைப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். அந்தக் காட்சியின் புகைப்படம் உலகமெங்கும் பிரசித்தமானது. பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. எல்லோரும் பத்திரப்படுத்திய பொருளை வாங்க யார் இருக்கிறார்கள்? இன்று அவற்றுள் பெரும்பாலானவை வாங்கிய விலைக்கே போவதில்லை.

லபுபு என்ற பல்லிளிக்கும் சீனப் பொம்மையை நம்மூர்க் கல்லூரிப் பெண்களின் கைப்பைகளிலும் நேயர்கள் பார்த்திருக்கலாம். 2025 ஜூனில் பெய்ஜிங் நகரத்து ஏலத்தில் ஆள் உயர லபுபு ஒன்று 10 லட்சத்து 80 ஆயிரம் யுவானுக்குப் போயிற்று. கம்பெனியார் ஏராளமாகச் செய்து தள்ளவே, சாதாரண லபுபுவின் மறுவிற்பனை விலை அந்த வருஷம் முடிவதற்குள்ளேயே சரியத் தொடங்கிவிட்டது.

அவ்வளவு தூரம் போவானேன்? சிவகாசியில் 1923-ல் தீப்பெட்டித் தொழில் தொடங்கியது. பிறகு சாத்தூரிலும் கோவில்பட்டியிலும் பரவியது. அந்தத் தீப்பெட்டிப் படங்களை நம் ஜில்லாப் பையன்கள் தெருவில் பொறுக்கிச் சேர்த்தார்கள். கிளி, மயில், மான், தேச பக்தர்களின் திருவுருவம் என்று எத்தனை படங்கள்! கோலி ஆட்டத்தில் அவற்றைப் பணயம் வைத்துத் தோற்றார்கள், வென்றார்கள், மழையில் நனையவிட்டார்கள். இன்று பழைய தீப்பெட்டிப் படங்களைத் தேடி அலைகிற சேகரிப்பாளர்கள் உண்டு. அவர்கள் கைக்குக் கிடைப்பவை மழைக்குத் தப்பியவைதான்.

இனி, கணக்குப் பார்க்கலாம். ஆயிரம் ரூபாய்க்கு ஒரு பொம்மை வாங்கி நூறு வருஷம் பூட்டி வைப்பதாக வைத்துக்கொள்வோம். அதே ஆயிரத்தை 6 சதவீதக் கூட்டு வட்டியில் போட்டிருந்தால் அது சுமார் 3 லட்சத்து 39 ஆயிரம் ரூபாய் ஆகியிருக்கும். பொம்மை இதற்கு மேல் விலை போனால்தான் லாபம். நடுவில் கரையான், எலி, மச்சு ஒழுகல், பாகப் பிரிவினை ஆகிய கண்டங்களையும் அது தாண்டியாக வேண்டும். ரூபாய்க்கு அன்றைக்கு என்ன மதிப்பிருக்குமோ, அது தனி.

சர்க்கார் சட்டம் ஒன்றும் இருக்கிறது. 1972-ஆம் வருஷத்துப் புராதனப் பொருள், கலைச் செல்வங்கள் சட்டத்தின்படி நூறு வருஷத்துக்குக் குறையாத கைவினைப் பொருள் புராதனப் பொருளாகக் கருதப்படும். தனி மனிதர் யாரும் அதை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. உள்நாட்டில் அதை வியாபாரமாகச் செய்வதற்கும் லைசென்ஸ் வேண்டும். ஆகவே நம் நேயரின் குமாரர் கனவு காண்கிற அயல்நாட்டுக் கோடீசுவரர், சொப்புக்கு நூறு வயது பூர்த்தியானவுடனே வாசற்படிக்கு வெளியே நின்றுவிடுகிறார்! தொண்ணூற்றொன்பதாம் வயதில் விற்றிருக்க வேண்டும் போலும்.

புதுச் சாமான் நூறு வருஷம் தாங்குமா என்பதும் சந்தேகந்தான். நம் பாட்டிமார்களின் கொலுவில் ஜப்பான் செல்லுலாய்டு பொம்மைகள் இருந்தன. ஒரு தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். பற்றாமல் தப்பினால், வெடித்து உதிரும். இக்காலத்து மிருதுவான பிளாஸ்டிக் பொம்மைகளில் சேர்த்திருக்கிற எண்ணெய்ப் பசையான வஸ்து வருஷங்கள் செல்லச் செல்ல வெளியே கசிந்து, பொம்மை பிசுபிசுத்துப் போகிறது. பாட்டரி போட்ட பொம்மைகளின் கதி இன்னும் மோசம். நம் பனங்காட்டுப் பிள்ளைகளின் நுங்கு வண்டிக்கு ஆயுள் இரண்டு நாள் என்பது உண்மைதான். ஆனால் அது நூறு வருஷம் இருப்பதாக யாரிடமும் வாக்குக் கொடுக்கவில்லை.

பொருநைக் கரையில் பழமைக்குக் குறைவில்லை. ஆதிச்சநல்லூர்ப் பரம்பில் 1876-ல் ஜெர்மானியரான ஜாகோர் தோண்டினார். 1899 முதல் 1905 வரையில் அலெக்ஸாண்டர் ரீ தோண்டினார். பொன் நெற்றிப்பட்டமும், இரும்பு வாளும், மூடியின்மேல் பறவையும் விலங்கும் அமர்ந்த வெண்கலக் கலசங்களும் வெளிவந்தன. இவையெல்லாம் இறந்தோருடன் சேமமாகப் புதைத்து வைக்கப்பட்டவை. வைகைக் கரையிலுள்ள கீழடியில் கிடைத்தவையோ வேறு மாதிரி. அவை ஜனங்கள் குடியிருந்த இடத்துச் சாமான்கள். அங்கே உடைந்த பானை ஓட்டை வட்டமாக உரைத்துச் செய்த சில்லுகள் ஏராளமாக அகப்பட்டிருக்கின்றன. நம் வீட்டுப் பெண் குழந்தைகள் பாண்டி ஆடுகிற அதே சில்லு! 2023-ல் திறக்கப்பட்ட கீழடிக் காட்சிசாலைக்குப் போனவர்கள், இரண்டாயிர வருஷத்துக்கு மேற்பட்ட விளையாட்டுச் சாமான்களைக் கண்டு வரலாம். பானை உடைந்ததற்காக அந்தக் குழந்தை தாயாரிடம் அடி வாங்கியிருக்குமோ என்னவோ, சில்லு தப்பித்துக்கொண்டது.

ஆதிச்சநல்லூருக்கு அடுத்தாற்போலிருக்கும் ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்தவர் குமரகுருபரர். அவர் முத்துக்குமாரசுவாமி மீது பாடிய பிள்ளைத்தமிழில் முருகனைச் சிறு தேர் உருட்டும்படி வேண்டுகிறார். பதினேழாம் நூற்றாண்டில் தெருக் குழந்தைகள் உருட்டிய மரத்தேர் ஒன்றேனும் நமக்கு மிஞ்சியிருக்கிறதா? உருட்டியே தேய்த்திருப்பார்கள்.

சொப்பு விஷயத்துக்கே வருவோம். அம்மையாரின் பெட்டியிலுள்ளது அநேகமாக அம்பாசமுத்திரத்துச் சரக்காக இருக்கலாம். ஜங்ஷனிலிருந்து தென்காசி ரயிலில் ஏறினால் சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி தாண்டி, ஆற்றைக் கடந்தவுடன் அம்பாசமுத்திரம். அங்கும் பக்கத்திலுள்ள வாகைக்குளத்திலும் கடைசல் வேலை தலைமுறை தலைமுறையாக நடந்து வருகிறது. முன்பெல்லாம் ஒருவர் கயிற்றை இழுத்துச் சுழற்ற, மற்றொருவர் உளி பிடித்துக் கடைவார். இப்பொழுது கயிற்றின் வேலையை மின்சார மோட்டார் செய்கிறது. சுழலும் மரத்தின்மேல் சாயம் கலந்த அரக்குக் குச்சியை அழுத்திப் பிடிக்கிறார்கள். உராய்கிற சூட்டில் அரக்கு இளகி, மரத்தின் மேல் மெல்லிய தோல்போலப் படிகிறது. பிறகு தாழை மடலால் தேய்த்தால் கண்ணாடி மாதிரி பளபளப்பு. தூரிகையும் இல்லை, உலரும்வரை காத்திருப்பதும் இல்லை. ஒரு உலக்கை கடைந்து, வர்ணம் ஏறி, பளபளப்பாகி விழுவதை நின்று பார்த்தால், வந்த காரியம் மறந்து போகும்.

ஆதியில் இதற்கு மஞ்சக்கடம்பு மரம் உபயோகித்தார்கள். மேற்கே உள்ள மலைக்காடு 1988 முதல் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். காட்டு மரத்தில் கை வைக்க இயலாது, வைக்கவும் கூடாது. எனவே யூகலிப்டஸும் ரப்பர் மரமும் வந்தன. பிளாஸ்டிக் சொப்பு வந்தது அதைவிடப் பெரிய இடி. பை நிறையச் சாமான், விலையோ சொற்பம். திருவிழாக் கடைகளில் மரச் சொப்பு பின் வரிசைக்குப் போய்விட்டது. பட்டறைகள் சுருங்கின.

சர்க்கார் சும்மா இருந்தது என்று சொல்ல முடியாது. அயல்நாட்டு விளையாட்டுச் சாமான்களின் சுங்கவரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-ல் 70 ஆகவும் உயர்ந்தது. 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்குத் தர முத்திரை கட்டாயமாயிற்று. பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கும் புவிசார் குறியீடு பெற்ற பொருள்களுக்கும் அதிலிருந்து விலக்கு அளித்தது நல்ல காரியம். அம்பாசமுத்திரம் சொப்புச் சாமானுக்கு 2025-ல் அந்தக் குறியீடும் கிடைத்துவிட்டது. சந்தோஷந்தான். ஆனால் குறியீட்டைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டால் வயிறு நிறையுமா? பட்டறைக்காரருக்கு வேண்டியது, இந்த வருஷம் ஒரு சொப்பை உடைத்துவிட்டு அடுத்த வருஷம் இன்னொன்று கேட்கும் குழந்தை. பெட்டியில் பூட்டி வைத்து, விலை ஏறட்டும் என்று காத்திருக்கும் பெரியவர்களால் அவருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. எல்லோரும் அப்படியே காத்திருந்தால், சொப்புக்கு முன்னால் கடைசல் பட்டறைதான் புராதனப் பொருளாகிக் காட்சிசாலைக்குப் போகும்.

ஆகவே அம்மையாருக்கு நம்முடைய அபிப்பிராயம் இது. ஒரு காகிதத்தில் பாட்டியின் பெயர், ஊர், எந்த வருஷத்தில் யார் வாங்கிக் கொடுத்தது என்பதையெல்லாம் ஞாபகமுள்ளமட்டும் எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள். குமாரர் சொல்லும் லட்சம் வந்தாலும் வராவிட்டாலும், காகிதம் இல்லாவிட்டால் அடுத்த தலைமுறைக்கு அது வெறும் மரத்துண்டு. பிறகு பேத்தியைக் கூப்பிட்டுப் பெட்டியைத் திறந்துவிடுங்கள். பழைய சாயம் இன்னதென்று தெரியாதாகையால் வாயில் வைக்க மட்டும் விடவேண்டாம். ஒன்றிரண்டு உடைந்தால், உங்கள் பாட்டியும் ஒரு குழவியைத் தொலைத்தவர்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குழவிக்கும் ஒரு வழி உண்டு. பள்ளி விடுமுறையில் பேத்தியை அழைத்துக்கொண்டு அம்பாசமுத்திரம் போய்ப் புதுச் சொப்பு ஒரு செட்டு வாங்குங்கள். கேட்டால் பழைய அம்மிக்கும் ஒரு குழவி கடைந்து கொடுப்பார்கள். புதுக் குழவி சேர்ந்தால் பழஞ்சாமானின் விலை குறைந்துவிடும் என்று சென்னையிலிருந்து ஆட்சேபம் வரக்கூடும். குறையட்டும். புறப்படும்போது அம்மியை மறக்காமல் கையோடு கொண்டு போங்கள். அளவு பார்க்காமல் குழவி கடைய முடியாது.