பாழடைந்த ஆலைக்குள் நுழையுமுன்

கைவிடப்பட்ட ஆலைகளுக்குள் புகுந்து படமெடுக்கும் ஆர்வம் நம் பிள்ளைகளையும் பற்றிக்கொண்டுள்ளது. துருவேறிய இயந்திரங்களுக்கும் ஓர் அழகுண்டு, மறுக்கவில்லை. ஆயினும் புதிதாகப் புறப்படுவோர் முதலில் போபாலை அறிந்துகொள்ளட்டும்.

1984 டிசம்பர் 2 நள்ளிரவில் யூனியன் கார்பைடு பூச்சிக்கொல்லி ஆலையின் தொட்டியிலிருந்து வெளியேறிய மீத்தைல் ஐசோசயனேட் வாயு, உறங்கிக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கானோரின் உயிரைப் பறித்தது. அங்கே கிடந்த நச்சுக் கழிவில் சுமார் 337 டன் அகற்றப்பட்டது 2025 ஜனவரியில்தான். மண்ணிலும் நிலத்தடி நீரிலும் கலந்த நஞ்சோ இன்னும் நீங்கவில்லை.

தபூக் செல்லும் வழியில் ஹிஜ்ரைக் கடந்தபோது, அழுதவர்களாகவன்றி ஸமூது கூட்டத்தாரின் இல்லங்களுக்குள் நுழைய வேண்டாம் என நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவ்வூர்க் கிணறுகளில் இறைத்த நீரைக் கொட்டிவிடவும், அதில் பிசைந்த மாவை ஒட்டகங்களுக்கு இட்டுவிடவும் பணித்தார்கள். போபால் மக்கள் ஸமூதைப் போன்று தண்டிக்கப்பட்டவர்கள் அல்லர், அநீதி இழைக்கப்பட்டவர்கள். அவர்கள் மடிந்த இடத்தில் சிரித்துக்கொண்டு தற்படம் எடுப்பது எவ்வளவு கல்நெஞ்சம்!

“ஆளில்லாத இடம்தானே?” என்பார்கள். ஆளில்லாவிடினும் அனுமதியின்றி நுழையக் கூடாதென்கிறது அந்நூர் அத்தியாயம் (24:28). அடுத்த வசனம் தரும் விலக்கு நமக்குப் பயனுள்ள, எவரும் குடியிராத இடங்களுக்குரியது. பிறர் வேலியிட்டுப் பூட்டிய ஆலையை அதில் சேர்ப்பது வலிந்த வாதம்.

போகத்தான் வேண்டுமெனில், உரிமையாளரின் அனுமதியோடு, பகலில், இடமறிந்த பெரியவர் ஒருவருடன் போகட்டும். வீட்டிலும் சொல்லிவிட்டுச் செல்லட்டும். மூடிய பீப்பாய்களைத் தொட வேண்டாம், அங்குள்ள தண்ணீரையும்.