மலிவுச் சரக்கும் போலி முத்திரையும்

கள்ள நோட்டை நமக்குத் தெரியும். கலப்பட நெய்யோ தினந்தோறும் பழகிய சங்கதி. ஆனால் கள்ளக் கம்ப்யூட்டர் யந்திரம் என்று ஒன்று உண்டென்பதும், அது அமெரிக்கக் கடற்படைவரையில் போய் உட்கார்ந்துகொண்டது என்பதும் நேயர்களில் அநேகருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம்.

ஒரு காரியாலயத்தில் நூறு கம்ப்யூட்டர்கள் இருந்தால், அவை ஒன்றோடொன்று பேச நடுவில் ஒரு யந்திரம் வேண்டும். இதை ஸ்விச் என்றும் ரௌட்டர் என்றும் சொல்லுகிறார்கள். தபாலாபீஸில் கடிதங்களைத் தெருவாரியாகப் பிரிக்கிறாரே ஸார்ட்டர், அவர் வேலைதான் இதற்கும். எல்லாக் கடிதங்களும் அவர் கை வழியாகவே போயாக வேண்டும். அந்த ஆசனத்தில் ஊர் பேர் தெரியாத ஒருவன் உத்தியோக உடுப்புடன் வந்து உட்கார்ந்துவிட்டால் என்ன ஆகும்?

அமெரிக்காவில் நடந்தது இதுவே. இத்தகைய யந்திரங்களுக்குப் பேர்போன கம்பெனி சிஸ்கோ. அதன் பெயரைத் தாங்கிய போலிச் சரக்குகளைச் சுங்க இலாகாவும் எப்.பி.ஐ. துப்பறியும் இலாகாவும் பிறவும் நானூறு தடவைக்கு மேல் பிடித்ததாக 2008-ல் அந்நாட்டுச் சர்க்கார் அறிவித்தது. அசலாக இருந்தால் அவற்றின் மதிப்பு 7 கோடியே 60 லட்சம் டாலருக்கு மேல். 2010-ல் டெக்ஸாஸ் வியாபாரி ஒருவருக்கு 51 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. இராக்கில் துருப்புகளின் நடமாட்டத்தைத் தெரிவிக்கும் தந்திரச் சாதனங்களுக்கென்று அவர் போலி உறுப்புகளை ராணுவத்துக்கு விற்க முயன்றாராம்! 2024-ல் இன்னொருவருக்கு ஆறரை வருஷம். அவர் விற்ற சரக்குகள் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், ராணுவம் எல்லாவற்றிலும் புகுந்திருந்தன.

போலி செய்யும் விதமும் வேடிக்கையானது. கழித்துப்போட்ட பழைய யந்திரத்தையோ மட்டமான ரகத்தையோ சீனாவில் எடுத்து, உயர்ந்த ரகம்போல் தோற்றம் கொடுக்கிறார்கள். திருடிய மென்பொருளை ஏற்றுகிறார்கள். 'நீ அசல்தானா?' என்று யந்திரம் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளும் சோதனை ஒன்று உள்ளே இருக்கிறது. அதையும் ஏமாற்ற ஒரு சில்லை ஒட்டிவிடுகிறார்கள். பிறகு லேபிள், பெட்டி, முத்திரை எல்லாம் தயார்.

"இவற்றில் ஒற்று வேலை எதுவும் அகப்படவில்லையே, பின் ஏன் இத்தனை பயம்?" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. 2020-ல் பின்லாந்து தேசத்து நிபுணர்கள் இரண்டு போலி ஸ்விச்சுகளைப் பிரித்துப் பார்த்தார்கள். வேவு பார்க்கும் கள்ள வழி எதையும் அவர்கள் காணவில்லை. ஆயினும் அந்த அசல் சோதனை உடைக்கப்பட்டிருந்ததைக் கண்டார்கள். வாசற்கதவின் பூட்டை ஒருவன் பணத்தாசையால் உடைத்துவிட்டுப் போனான். திருடன் இன்னும் வரவில்லை. அதற்காகப் பூட்டு பத்திரமாயிருக்கிறது என்று சொல்லலாமா? மேலும் அந்த யந்திரங்கள் அகப்பட்டதே, மென்பொருளைப் புதுப்பித்தவுடன் அவை வேலை செய்யாமல் நின்றுவிட்டதால்தான். காவலுக்காகச் செய்யும் காரியமே காவலாளியைப் படுக்க வைக்கிறது! யுத்தகளத்திலோ ஆஸ்பத்திரியிலோ அப்படி ஒரு யந்திரம் படுத்துக்கொண்டால் அதன் பலனை ஊகிக்க ஒற்றன் தேவையில்லை.

இந்த வியாதிக்கு மூலம் எங்கே? குறைந்த விலைக்கே டெண்டர் என்ற விதியில்தான் என்பது நமது அபிப்பிராயம். கண்டிராக்டர் உப கண்டிராக்டரிடம் வாங்குகிறார், அவர் இன்னொருவரிடம். நாலு கை மாறி வரும் சரக்கில் அதிகாரி கூர்ந்து பார்ப்பது விலைப் பட்டியலை மட்டுமே. கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற ஏஜெண்டு நியாயமான விலை சொல்லி டெண்டரை இழக்கிறார். போலி வியாபாரிக்கு உண்டாக்கிய செலவு இல்லை; ஆகையால் அவரே என்றும் ஜயிக்கிறார்.

அமெரிக்கா விழித்துக்கொண்டது. கள்ள எலெக்ட்ரானிக் உறுப்புகளை மாற்றும் செலவைப் பெரிய கண்டிராக்டர்கள் சர்க்கார் தலையில் கட்டக்கூடாதென்று 2011 டிசம்பர் கடைசியில் கையெழுத்தான ராணுவச் சட்டம் விதித்தது. நமது நாட்டிலும் 2021 ஜூன் 15 முதல் தொலைபேசிக் கம்பெனிகள் நம்பகமானவை என்று அங்கீகரிக்கப்பட்ட இடங்களிலிருந்தே புதிய சாதனங்களை வாங்க வேண்டுமென்று ஏற்பாடாகியிருக்கிறது. இரண்டும் வரவேற்கத்தக்கவை.

ஆனால் டில்லியின் உத்தரவு ஜில்லா ஆஸ்பத்திரியின் சாமான் அறைக்கும், பள்ளிக்கூடக் கமிட்டியின் டெண்டர் பெட்டிக்கும் தானாக வந்து சேர்ந்துவிடாது. யந்திரத்தின் வரிசை எண்ணை உற்பத்தி செய்த கம்பெனிக்கே எழுதி, அசல்தான் என்று பதில் வந்த பிறகே பில்லுக்குப் பணம் கொடுப்பது என்று ஒரு வழக்கம் ஏற்படட்டும். செலவு ஒரு கடிதம். கமிட்டிகளில் அங்கம் வகிக்கும் நேயர்கள் அடுத்த கூட்டத்திலேயே இதைப் பிரஸ்தாபிக்கலாம்.