தண்ணீர் வரும் இடத்துக்கு ஒரு பயணம்



பெருநாள் நெருங்கினால் எல்லா வீட்டிலும் பிள்ளைகள் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "இந்த முறை எங்க போறோம்?" வாப்பா உள்ள வீட்டில் அதற்கு ஏதோ ஒரு பதில் இருக்கும். பெண்ணே குடும்பத்தைச் சுமக்கும் வீட்டில் பெரும்பாலும் பதில் இருக்காது. "நம்மட நிலைமைக்கு ட்ரிப் எதுக்கு?" என்று தாயே சொல்லிவிடுவாள். அவள் சொல்லாவிட்டாலும் அக்கம்பக்கம் சொல்லும். கணவனை இழந்தவள் இரண்டு பிள்ளைகளோடு வான் ஏறினால் அது சவாரி. மற்றவர்கள் ஏறினால் சுற்றுலா.

கல்முனைக்குடியில் எனக்குப் பழக்கமான ஒரு குடும்பத்தின் இரண்டு பயணங்களைப் பற்றி இம்மாதம் எழுதுகிறேன். முதல் பயணம் பிழைத்துப் போனது. அந்தப் பிழையில் எனக்கும் பங்குண்டு.

குடும்பத்தில் மூத்தவர் உம்மா. எழுபதைத் தாண்டியவர். 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமியில் ஒரு மகளையும் பேரப்பிள்ளையையும் பறிகொடுத்தவர். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் அன்று 10,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதல்ல. மூத்த மகளை எல்லோரும் 'ராத்தா' என்றுதான் அழைப்போம். அவருடைய கணவர் விவசாயி. 1990களில் சம்மாந்துறைப் பக்கம் வயலுக்குப் போனவர் ஜனாஸாவாகத் திரும்பினார். ராத்தா அதன் பிறகு தையல் மெஷினில் இரண்டு பிள்ளைகளை ஆளாக்கினார். தம்பி, தங்கச்சிமார், அவர்களுடைய பிள்ளைகள் எல்லாமாக ஐந்து வீடுகள்.

2018 ஓகஸ்டில் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு எங்கே போகலாம் என்று அவர்கள் கேட்டபோது, நான் யோசிக்காமல் "அறுகம்குடாவுக்குப் போங்க" என்றேன். அந்த ஆண்டு பெப்ரவரியில் அம்பாறை நகரில் பள்ளிவாசலும் முஸ்லிம்களின் கடைகளும் தாக்கப்பட்டிருந்தன. மேற்கே போவதை யாரும் வாயெடுத்துச் சொல்லவில்லை. தெற்கே அக்கரைப்பற்று, திருக்கோவில், கோமாரி, பொத்துவில் என்று நேரான வீதி. பிள்ளைகளுக்குக் கடல். வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன்.

நானும் கூடவே போனேன். ராத்தா இரவு 2 மணிக்கு எழும்பி அத்தனை பேருக்கும் புரியாணி சமைத்து, சட்டி பானைகளை வானில் ஏற்றி, நிந்தவூர் தாண்டும்போது தூங்கிப்போனார். போன இடத்தில் பரிமாறினார், கழுவினார், திரும்பி வரும்போதும் தூங்கினார். உம்மா வானை விட்டு இறங்கவே இல்லை. கடல் தெரியும் பக்கத்துத் திரையை இழுத்துவிட்டு, பகல் முழுக்கத் தஸ்பீஹ் மணியோடு இருந்தார். ஓகஸ்ட் மாதம் அங்கே வெளிநாட்டவர் கூட்டம் வேறு. இளையவர்களுக்கும் கால் நனைக்கக் கூச்சமாகப் போய்விட்டது.

அன்று எடுத்த படங்களைப் பிறகு பார்த்தோம். நாற்பதுக்கு மேல் இருந்தன. ஒன்றிலும் உம்மா இல்லை, ராத்தாவும் இல்லை.

பல்கலைக்கழகத்தில் குடும்பம் ஒரு சமூக நிறுவனம் என்று பக்கம் பக்கமாக எழுதி நான் புள்ளி வாங்கியிருக்கிறேன். அந்த நிறுவனத்தில் பெருநாள் லீவு யாருக்கு இல்லை என்ற கேள்வி பரீட்சையில் வந்ததாக ஞாபகம் இல்லை.

அதற்குப் பிறகு பயணம் என்ற பேச்சே எழவில்லை. 2019இல் உயிர்த்த ஞாயிறு தாக்குதலும், அதை அடுத்துச் சாய்ந்தமருதில் நடந்ததும், சோதனைச் சாவடிகளும் இருந்தன. அடுத்த இரண்டு ஆண்டுகள் கொரோனா. 2022இல் எரிபொருள் வரிசை. 2024 நோன்புப் பெருநாளன்று வட்டிலப்பம் சாப்பிடப் போனபோது ராத்தாவின் மகள்தான் மறுபடி ஆரம்பித்தாள். இந்த முறை இடத்தை நான் சொல்லவில்லை. ஒவ்வொருவரிடமும் இரண்டு கேள்வி கேட்போம் என்றேன். எங்கே போக விருப்பம்? எது நடந்தால் நீங்கள் வர மாட்டீர்கள்? இரண்டாவது கேள்வியைத்தான் நாம் வழமையாகக் கேட்பதில்லை.

உம்மா சொன்னார்: "கடல் வேணாம் மகள். தண்ணி பார்க்கலாம், அலை வேணாம்."

ராத்தா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "எங்கட வயலுக்குத் தண்ணி வாற இடத்த ஒரு நாளைக்குப் பார்க்கணும்" என்றார். அவருடைய கணவர் ஒவ்வொரு போகத்திலும் "இங்கினியாகலையில தண்ணி திறந்தாச்சு" என்று சொல்லிக்கொண்டு மண்வெட்டியோடு புறப்படுவாராம். திருமணமான காலம் முழுக்கக் கேட்ட பெயர். ஒரு தடவையும் கண்டதில்லை.

எனக்கு இது வெட்கமாக இருந்தது. நானும் அதைக் கண்டதில்லை. நுவரெலியா போயிருக்கிறேன், கண்டி போயிருக்கிறேன். நாம் சாப்பிடும் சோற்றுக்குத் தண்ணீர் தரும் குளத்துக்குப் போகவில்லை.

சேனநாயக்க சமுத்திரம் இலங்கையின் மிகப் பெரிய நீர்த்தேக்கம். கல்லோயாத் திட்டத்தின் கீழ் 1949இல் வேலை தொடங்கியது. மறித்தது நம் மூத்தவர்கள் பட்டிப்பளை ஆறு என்று சொன்ன அதே ஆற்றைத்தான். சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்றுப் பக்கத்து வட்டைகளுக்கு அங்கிருந்துதான் நீர் பாய்கிறது. அந்தத் திட்டத்தோடு வந்த குடியேற்றமும் 1956 கலவரமும் தனியாக எழுத வேண்டியவை. குளத்தைச் சுற்றியுள்ள காடு 1954இல் தேசிய பூங்காவாக்கப்பட்டது. படகில் போனால் யானைகள் ஒரு தீவிலிருந்து மற்றதுக்கு நீந்துவதைக் காணவும் வாய்ப்புண்டு.

காரைதீவுச் சந்தியில் மேற்கே திரும்பி, சம்மாந்துறை, அம்பாறை, பிறகு இங்கினியாகலை. ஒரு பகலுக்குள் போய்வரலாம். பாதிப் பயணம் இருபக்கமும் வயல். ஹஜ்ஜுப் பெருநாள் அந்த ஆண்டு ஜூனில் வந்தது. சிறுபோகம் பச்சையாக நிற்கும் காலம்.

பணத்துக்கு ராத்தா ஒரு வழி சொன்னார். நோன்புப் பெருநாளுக்கும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் இடையில் ஏறத்தாழப் பத்து வாரம் இருக்கிறது. வீட்டுக்கு வாரம் 500 ரூபா. ஐந்து வீடு, பத்து வாரம், 25,000 ரூபா. சீட்டுப் பிடிக்கும் நமக்கு இந்தக் கணக்குப் புதிதல்ல. சீட்டை யாரும் இடையில் எடுக்கக் கூடாது என்பது மட்டும்தான் புதிது. ஒரு தங்கச்சி இரண்டு வாரம் தவணை கட்ட முடியாமல் போய் அடுத்த வாரங்களில் சேர்த்துக் கட்டினார். அதைப் பெரிதாக்காமல் விட்டார்கள். இந்த இடத்தில் ஒன்றைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன்: பயணத்துக்கென்று நுண்கடன் எடுக்காதீர்கள். ஒரு நாள் சந்தோஷத்துக்கு ஒரு வருடம் வாராவாரம் வாசலில் ஆள் நிற்பார். சேர்ந்தது 15,000தான் என்றால் 15,000க்குள் அடங்கும் இடத்துக்குப் போங்கள்.

வான் பேசும்போது எண்ணெய், சாரதியின் சாப்பாடு, எத்தனை மணிக்குத் திரும்புவது ஆகிய மூன்றையும் முதலே பேச வேண்டும். இவர்கள் 17,000 ரூபாவுக்கு எண்ணெயோடு பேசினார்கள். சாரதி தெரிந்த பையன். திரும்பும் நேரம் பின்னேரம் 4.30 என்று முடிவானது, ஏனென்றால் அம்பாறைப் பக்கம் மாலையானால் வீதிக்கு யானை வரும்.

சாப்பாட்டு விஷயத்தில்தான் பெரிய வாக்குவாதம். ராத்தா சமைப்பதாக ஒற்றைக்காலில் நின்றார். சமைக்காவிட்டால் குடும்பத்தில் தன் இடம் போய்விடும் என்று அவருக்குப் பயமோ என்று எனக்குத் தோன்றியது. நான் இத்தாலியை இழுத்தேன். அங்கே ஈஸ்டருக்கு அடுத்த திங்கட்கிழமையைப் 'பாஸ்குவெத்தா' என்பார்கள். அன்று குடும்பம் குடும்பமாக நாட்டுப்புறத்துக்குப் போய்ப் புல்லில் விரித்து உட்காருவார்கள். முதல் நாள் பெருவிருந்தில் மிஞ்சியதையும் கூடையில் கட்டிக்கொண்டு போவது வழக்கம். உலகமே காசு கொடுத்துப் பார்க்கப் போகும் இத்தாலி நாட்டுப்புறத்தில் அந்த ஊர்க்காரர்களே பழஞ்சாப்பாட்டோடுதான் போகிறார்கள் என்றேன். "அப்ப குர்பான் இறைச்சிய என்ன செய்யுறது?" என்று ராத்தா கேட்டார். அங்கேயே பிரச்சினை தீர்ந்தது. முதல் நாளே பிரட்டி வைத்த இறைச்சி போதும். இடியப்பத்துக்குப் பக்கத்துத் தெருவில் அதையே தொழிலாகச் செய்யும் ஒரு சகோதரியிடம் 120 ஓடர் கொடுத்தார்கள். அவரும் தனியாகப் பிள்ளைகளை வளர்ப்பவர்தான். தேங்காய்ச் சம்பல் தம்பியின் பொறுப்பு. ஆம், ஆணின் பொறுப்பு. உப்புக் கூடிவிட்டது, யாரும் சாகவில்லை.

மலசலகூடம் பற்றி எந்தச் சுற்றுலாப் புத்தகமும் எழுதாது. பெண்கள் வழியில் தண்ணீர் குடிக்காமல் வாயைக் கட்டிக்கொண்டு வருவது இதனால்தான். உம்மாவுக்குச் சீனி வருத்தம், அவரால் அடக்க முடியாது. புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே தம்பி மோட்டார் சைக்கிளில் போய் எங்கெங்கே நிறுத்தலாம், பெண்கள் லுஹர் தொழ எங்கே இடம், படகுக்கும் அணைக்கட்டுப் பக்கம் போவதற்கும் யாரிடம் அனுமதி கேட்பது என்று விசாரித்து எழுதிக்கொண்டு வந்தார். பயணத் தொழுகையின் சட்டம் எனக்குத் தெரிந்த விஷயமல்ல, உங்கள் மௌலவியிடம் கேளுங்கள். வுழூவுக்கு இரண்டு கலன் தண்ணீர், தொழுகைப் பாய், உம்மாவின் குளிசைகள், பெண்பிள்ளைகளுக்குத் தேவையான துணி, எல்லோருடைய அடையாள அட்டை. இவை ஒரே பையில், ஒரே ஆளின் பொறுப்பில் இருக்கட்டும்.

பயத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசினார்கள். அந்த வீதி சம்மாந்துறையையும் வீரமுனையையும் ஒட்டிப் போகிறது. 1990இல் அந்தப் பக்கங்களில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் நடந்ததை இரு பக்கத்துச் சகோதரிகளும் மறக்கவில்லை. அம்பாறை நகரம் வந்தால் 2018 நினைவு. "பயமில்லை என்று நடிக்க வேண்டாம்; யாருக்கு எந்த இடத்தில் கஷ்டமோ அந்த இடத்தில் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்றேன். தமிழ்ச் சகோதரிகள் ஆடி மாதம் வந்தால் கூட்டமாக உகந்தை வழியே காடு கடந்து கதிர்காமத்துக்கு நடக்கிறார்கள். பெண்கள் சேர்ந்து போவது இந்தக் கரைக்குப் புதிதல்ல.

பெருநாளின் மூன்றாம் நாள், காலை 6 மணிக்குப் புறப்பட்டோம். பெரியவர்களும் பிள்ளைகளுமாக 13 பேர். ராத்தாவை முன் ஆசனத்தில் சாரதிக்குப் பக்கத்தில், மகனோடு உட்கார வைத்தோம். சம்மாந்துறை தாண்டி வயல் தொடங்கியதும் அவர் "கொஞ்சம் மெதுவாப் போ தம்பி" என்றார். ஓர் இடத்தில் நிறுத்தச் சொன்னார். இறங்கவில்லை. கண்ணாடியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். மகன் தோளில் கை வைத்தான். வானில் சின்னப் பிள்ளைகள்கூடச் சத்தம் போடவில்லை. பிறகு அவரே "சரி, எடு" என்றார்.

குளத்தைக் கண்டதும் உம்மா கேட்ட முதல் கேள்வி, "இதுக்கு அலை வருமா?" கச்சான் காற்றில் சின்னச் சின்ன நெளிவுதான் இருந்தது. பத்து நிமிடம் பார்த்துவிட்டு, பேரனின் கையைப் பிடித்து இறங்கினார். மர நிழலில் பாய் விரித்தோம். படகில் இளையவர்கள்தான் போனார்கள், உயிர்காப்பு அங்கி மாட்டிக்கொண்டு. தூரத்தில் இரண்டு யானை கறுப்புப் பொட்டுப் போலத் தெரிந்ததாம். சின்னவன் ஆறு என்று சாதிக்கிறான்.

வழியோரத்தில் ஒரு சிங்களப் பெண் அவித்த சோளம் விற்றுக்கொண்டிருந்தார். ராத்தா தனக்குத் தெரிந்த நாலு சிங்களச் சொல்லில் விலை பேசினார். விலையில் தொடங்கிய பேச்சு, தண்ணீர் எப்போது திறப்பார்கள், உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று போனது. அந்தப் பெண்ணின் மகன் இராணுவத்திலிருந்து திரும்பவில்லையாம். ராத்தா வானுக்கு வந்து அதை மட்டும் சொன்னார். சோளத்துக்கு மிச்சக் காசு வாங்க மறந்துவிட்டதாகவும் சொன்னார்.

மஃரிபுக்கு முன் கல்முனைக்குடிக்கு வந்துவிட்டோம். இந்த முறை படங்களில் ராத்தா இருக்கிறார். ஒன்றில் வாய் நிறையச் சோளம், அழிக்கச் சொல்லியும் மகள் அழிக்கவில்லை. எல்லாச் செலவும் போக 1,400 ரூபா மிஞ்சியது. தம்பி அதைப் பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கக் கேட்டார். ராத்தா கொடுக்கவில்லை. சீட்டுக் கொப்பியில் புதுப் பக்கம் திருப்பி, மேலே உம்மாவின் பெயரை எழுதி, '1,400' என்று போட்டு வைத்தார். எங்கே போவது என்ற இடம் மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது. உம்மா பாசிக்குடாவில் கடல் அமைதியாம் என்று யாரிடமோ கேள்விப்பட்டிருக்கிறார்.