பிறப்பால் கிடைக்கும் துப்பாக்கி

செப்டம்பர் தொடக்கத்தில், நடவு முடிந்த கையோடு, குடகு மலையில் கைல்போள்து கொண்டாடுகிறார்கள். வீட்டிலிருக்கும் துப்பாக்கி, கத்தி எல்லாவற்றையும் துடைத்து, வரிசையாக வைத்து, பூச்சூட்டி வணங்குவார்கள். அந்தப் பூ செங்காந்தள். நமக்கு அது மாநில மலர். குடகர்களுக்கு ‘தோக் பூ’, அதாவது துப்பாக்கிப் பூ. பூசையும் விருந்தும் முடிந்தபின் குறி பார்த்துச் சுடும் போட்டி நடக்கும். உயரமான மரத்தில் தேங்காயைக் கட்டி வைப்பார்கள். சுட்டு உடைப்பவருக்குப் பரிசு. ஆண் குழந்தை பிறந்தால் ஒரு வேட்டு, சாவு விழுந்தால் இரண்டு வேட்டு, புத்தரித் திருநாளில் முதல் நெற்கதிரை அறுக்கும்போது வேட்டு என்று அங்கே தொட்டில் முதல் சுடுகாடு வரை துப்பாக்கிச் சத்தம் கூடவே வருகிறது.

கேட்க அழகாகத்தான் இருக்கிறது. குடகுக்குப் போய்வருகிறவர்கள் காபித் தோட்டத்தையும் பன்றிக்கறியையும் பற்றி எழுதும்போது இந்தத் தேங்காய்ச் சூட்டையும் மறக்காமல் எழுதுவார்கள். அவர்கள் எழுதாத ஒன்று உண்டு. அந்தத் துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றுக்கு உரிமம் கிடையாது. திருட்டுத்தனமாக அல்ல, சட்டப்படியே கிடையாது.

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 3ஆம் பிரிவுப்படி உரிமம் இல்லாமல் யாரும் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. பயிரைக் காக்க ஒரு விவசாயி பழைய கரிமருந்துத் துப்பாக்கி வைத்துக்கொள்ள விரும்பினாலும் மனுப் போட வேண்டும், போலீஸ் விசாரணைக்குக் காத்திருக்க வேண்டும். ஆனால் அதே சட்டத்தின் 41ஆம் பிரிவு, பொதுநலன் கருதி எந்த வகையினருக்கும் விலக்கு அளிக்கும் அதிகாரத்தை ஒன்றிய அரசுக்குத் தருகிறது. அதன்படி இரண்டு வகையினருக்கு விலக்கு உண்டு. ஒன்று, குடகு ‘இனத்தில்’ பிறந்தவர்கள். இன்னொன்று, குடகில் ஜம்மா நிலம் வைத்திருப்பவர்கள். 2019 அக்டோபரில் இந்த விலக்கை 2029 வரை ஒன்றிய உள்துறை அமைச்சகம் நீட்டித்தது. இதை எதிர்த்துப் போடப்பட்ட வழக்கில், குடகர்கள் போர் மரபினர், சுதந்திரத்துக்கு முன்பிருந்தே இச்சலுகையை அனுபவித்து வருகிறார்கள் என்று சொல்லி, 2021 செப்டம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் விலக்கைச் செல்லும் என்றது.

பிறப்பு அல்லது நிலம். இந்த இரண்டும் சேர்ந்தால் நம் ஊரில் அதற்கு என்ன பெயர் என்று இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ‘ஜம்மா’ என்ற சொல்லே ‘ஜன்மம்’ என்பதிலிருந்து வந்ததுதான். ஹாலேரி அரசர்கள் காலத்தில் போருக்கு ஆள் தருகிற குடும்பங்களுக்குக் குறைந்த வரியில் பரம்பரையாகக் கொடுக்கப்பட்ட நிலம் அது. குடகர்கள் மட்டுமல்ல, கவுடர்கள், சில முஸ்லிம் குடும்பங்கள் உட்பட வேறு சிலரிடமும் ஜம்மா நிலம் இருக்கிறது. ‘பார்த்தீர்களா, இது சாதிச் சலுகை இல்லை’ என்று வாதிடுபவர்கள் இதைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள்.

ஆனால் அந்த நிலத்தில் சேற்றில் இறங்கி உழைத்தவர்கள் யார்? ஹொலெயர்கள், எரவர்கள். ஆங்கிலேயர் காலத்துக் குடகு ஆவணங்கள் அவர்களை அடிமைகள் என்றே குறிப்பிடுகின்றன. சிலர் நிலத்தோடு கட்டப்பட்டவர்கள். நிலம் கைமாறினால் அவர்களும் கைமாறுவார்கள். சிலர் குடும்பத்தின் உடைமை. அவர்களை விற்கலாம், அடகு வைக்கலாம். இந்த அடிமைகளைக் குறிக்கவும் அதே ‘ஜம்மா’ என்ற சொல்தான் வழங்கியது. ஒருவருக்கு ஜன்ம உரிமை, இன்னொருவருக்கு ஜன்ம அடிமைத்தனம். 1843இல் சட்டம் போட்டு அடிமைமுறையை ஒழித்த அரசு, 1861இல் ஜன்ம உரிமைக்குத் துப்பாக்கியையும் சேர்த்துக் கொடுத்தது.

அந்த 1861 ஆணையின் பின்னணி முக்கியமானது. 1857 எழுச்சிக்குப் பிறகு இந்தியர்களிடமிருந்து ஆயுதங்களைப் பறிப்பதில் ஆங்கிலேயர் மும்முரமாக இருந்தார்கள். அப்போது மைசூர், குடகு ஆணையராக இருந்த மார்க் கப்பன், குடகர்களின் விசுவாசத்தைப் புகழ்ந்து அவர்களுக்கு மட்டும் விலக்கு அளித்தார். சரியாகப் பத்தே ஆண்டுகளில், 1871இல், அதே அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1911இல் அது மதராஸ் மாகாணத்துக்கும் விரிந்தது. கைரேகை பதிய மறுத்தவர்களை 1920இல் பெருங்காமநல்லூரில் சுட்டுக் கொன்றது. பிறப்பைப் பார்த்து ஒரு கூட்டத்தை ‘நம்பத் தகுந்தவர்’ என்றும், பிறப்பைப் பார்த்தே இன்னொரு கூட்டத்தை ‘குற்றவாளி’ என்றும் முத்திரை குத்தியது ஒரே கைதான். குற்றப் பரம்பரைச் சட்டம் போய்விட்டது. விசுவாசப் பரம்பரைச் சலுகை மட்டும் இன்னும் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது.

‘போர் மரபினர்’ என்ற வாதத்தையும் கொஞ்சம் உரசிப் பார்ப்போம். 1818இல் கோரேகானில் போரிட்டவர்களில் மகர்கள் இருந்தார்கள். மதராஸ் சாப்பர்ஸ் படையில் பறையர்கள் பெருமளவில் இருந்தார்கள். அண்ணல் அம்பேத்கரின் தந்தையே படையில் பணியாற்றியவர். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ‘போர் இனங்கள்’ என்ற கோட்பாடு வந்ததும் மகர்களுக்குப் படையின் கதவு மூடப்பட்டது. ஆக, போரிட்டவர்கள் எல்லோரும் போர் மரபினர் ஆகிவிடவில்லை. அரசு யாரை அப்படி அழைத்ததோ அவர்களே ஆனார்கள். இந்தியாவில் ஏன் சமூகப் புரட்சி நடக்கவில்லை என்று ‘சாதியை அழித்தொழித்தல்’ நூலில் கேட்கும் அம்பேத்கர், அடித்தட்டு மக்களுக்கு ஆயுதமும் கல்வியும் மறுக்கப்பட்டதையே காரணமாகச் சொல்கிறார். ஆயுதம் என்பது இங்கே வெறும் இரும்பு அல்ல. யார் ஆள்பவர், யார் அடங்கியவர் என்பதன் அடையாளம்.

நம் பக்கமே இன்னொரு உதாரணம் இருக்கிறது. குடகர்களின் துப்பாக்கி பண்பாடு என்றால், நரிக்குறவர்களின் நாட்டுத் துப்பாக்கியும் பண்பாடுதானே? குருவியும் கொக்கும் சுட்டு வயிறு வளர்த்த மக்கள் அவர்கள். அவர்கள் கையில் அதே கரிமருந்துத் துப்பாக்கி இருந்தால் உரிமம் எங்கே என்று கேள்வி வரும், வழக்கு வரும். வேட்டை மரபு என்று எந்த அமைச்சகமும் அவர்களுக்குப் பத்தாண்டு விலக்கு தரவில்லை. பழங்குடிப் பட்டியலில் சேரவே அவர்கள் 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இனி எதிர்வாதங்களுக்கு வருவோம். குடகர்கள் எண்ணிக்கையில் சிறிய சமூகம், அவர்கள் துப்பாக்கியைத் தவறாகப் பயன்படுத்துவது குறைவு என்கிறார்கள். இருக்கலாம். அப்படியென்றால் மனுப் போட்டால் உரிமம் எளிதாகவே கிடைக்கும், விலக்கு எதற்கு? சீக்கியர்களின் கிர்பானுக்கு அரசியலமைப்பே இடம் தரவில்லையா என்கிறார்கள். கிர்பான் உரிமை சீக்கிய நெறியை ஏற்கும் யாருக்கும் உண்டு. ஒரு தலித் நாளையே சீக்கியராகலாம். ஆனால் எந்த எரவரும் நாளைக்குக் குடகராகப் பிறக்க முடியாது. காட்டு விலங்குகளிடமிருந்து பயிரைக் காக்க வேண்டாமா என்கிறார்கள். யானையைச் சுட 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தோட்ட முதலாளியையும் விடாது. தவிர, விடிகாலையில் காபிச் செடிகளுக்கிடையே யானையின் எதிரே போய் நிற்பவர்கள் லயன் வீடுகளிலிருந்து வேலைக்கு இறங்கும் ஆதிவாசிகளும் தலித்துகளும், தமிழ்நாட்டிலிருந்து போன கூலித் தொழிலாளர்களும்தான். ஆபத்து ஒரு பக்கம் இருக்கிறது, துப்பாக்கி இன்னொரு பக்கம் இருக்கிறது.

அந்தத் துப்பாக்கியின் குழல் எப்போதும் விலங்கை மட்டுமே பார்ப்பதும் இல்லை. 2024 டிசம்பர் கடைசியில் விராஜ்பேட்டை வட்டத்தில் பலாக்காய் பறித்ததற்காக எரவர் இளைஞர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார் என்று செய்தி வந்தது. சுட்டதாகக் குற்றம் சாட்டப்பட்டவர் தோட்ட உரிமையாளர். வழக்கின் முடிவை நீதிமன்றம் சொல்லட்டும். ஒரு வழக்கை வைத்து ஒரு சமூகத்தையே கொலைகாரர்கள் என்பது, நாம் எதிர்க்கும் குற்றப் பரம்பரைத் தர்க்கத்தையே திருப்பிப் போடுவதாகும். அதைச் செய்ய மாட்டோம். ஆனால் ஒரு கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியாது. கூலியும் குடியிருப்பும் ஒரே கையில் இருக்கும் இடத்தில், துப்பாக்கியும் அதே கையில் இருந்தால், தொழிலாளி எந்தத் துணிச்சலில் கூலி உயர்வு கேட்பார்? சுடத் தேவையே இல்லை. சுவரில் மாட்டியிருந்தாலே போதும்.

2016 டிசம்பரில் திட்டள்ளியில் 500க்கும் மேற்பட்ட ஆதிவாசிக் குடும்பங்களின் குடிசைகளை வனத்துறை இடித்தது. தோட்ட லயன்களிலிருந்து வெளியேறி, சொந்தமாக ஒரு துண்டு நிலம் வேண்டும் என்று வந்தவர்கள் அவர்களில் பலர். தலைமுறை தலைமுறையாக அதே மண்ணில் உழைத்தவர்களுக்கு ஜன்ம உரிமை என்று ஒரு சென்ட் நிலம்கூட எழுதப்படவில்லை.

எல்லோருக்கும் துப்பாக்கி கொடு என்று நாம் கேட்கவில்லை. ஊரெல்லாம் துப்பாக்கி இருந்தால் முதலில் சாகப்போவது யார் என்பதைக் கீழ்வெண்மணி 1968லேயே நமக்குச் சொல்லிவிட்டது. கைல்போள்துவைத் தடை செய் என்றும் கேட்கவில்லை. தேங்காயைச் சுடட்டும், செங்காந்தளைச் சூட்டட்டும். மற்ற குடிமக்களைப் போல உரிமம் வாங்கிவிட்டுச் செய்யட்டும். அரசியலமைப்பின் 14, 15ஆம் பிரிவுகள் குடகு மலையின் அடிவாரத்தில் நின்றுவிடுவதில்லை.

2029இல் இந்த விலக்கு முடிகிறது. அப்போது கோப்பு மறுபடியும் உள்துறையின் மேசைக்கு வரும். வழக்கம்போல ‘மரபு’ என்று ஒரு வரி எழுதி நீட்டித்துவிடுவார்கள். அதற்குள் அந்தக் கோப்பில் இன்னொரு மனுவும் சேர வேண்டும்: உரிமம் எல்லோருக்கும் பொதுவாகட்டும், லயனில் இருப்பவருக்கு நிலம் கிடைக்கட்டும் என்று. அந்த மனுவை எழுத இன்னும் காலம் இருக்கிறது. குடகின் ஆதிவாசி, தலித் அமைப்புகளோடு சேர்ந்து அதை எழுதத் தொடங்குவோம்.