வயதா, வலுவா? முதியோரும் மலக்குடல் புற்றுநோய்ச் சிகிச்சையும்

மலக்குடல் புற்றுநோய் பெரும்பாலும் முதுமையை நெருங்கியோரையும் முதியோரையுமே தாக்குகின்றது. ஆயினும், வயது ஏற ஏற அந்நோய்க்கான முழுமையான சிகிச்சை கிடைக்கும் வாய்ப்புக் குறைந்து செல்வதை மேற்குலக ஆய்வுகள் தொடர்ந்து சுட்டிக்காட்டி வருகின்றன. அறுவைச் சிகிச்சை, கதிர்வீச்சு, கீமோதெரபி ஆகிய மூன்றிலும் இந்த வேறுபாடு காணப்படுகின்றது. புதிய சிகிச்சைகளைச் சோதிக்கும் ஆய்வுகளிலும் முதியோர் குறைவாகவே சேர்க்கப்படுகின்றனர்.

மருத்துவர்களின் தயக்கம் முற்றிலும் காரணமற்றதன்று. 75 வயதைக் கடந்தோரிடையே, அறுவைச் சிகிச்சைக்குப் பின்னரான முதல் ஆறு மாதங்களில் இறப்பு அதிகமாக இருப்பதை நெதர்லாந்து ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் அந்த ஆபத்தை உண்டாக்குபவை இதய நோய், சிறுநீரகப் பாதிப்பு, ஊட்டக்குறைவு, உடல் தளர்ச்சி என்பனவே. பிறந்த ஆண்டு அன்று. நாள்தோறும் நடந்து கடைக்குச் செல்லும் எண்பது வயதினரையும், படுக்கையிலிருந்து எழ உதவி நாடும் எண்பது வயதினரையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தல் நீதியாகாது.

தளர்ச்சியை அளவிட வழிகள் உள்ளன. நடை, நினைவாற்றல், உணவு, உட்கொள்ளும் மருந்துகள், வீட்டுத் துணை ஆகியவற்றை ஆராய்வதே மூப்பியல் மதிப்பீடு. அமெரிக்காவில் முற்றிய புற்றுநோயுள்ள, 70 வயதும் அதற்கு மேலுமான 718 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2021 இல் வெளியானது. மதிப்பீட்டின் முடிவுகள் மருத்துவர்களுக்கு வழங்கப்பட்ட பிரிவில், கடும் பக்கவிளைவுகளுக்கு உள்ளானோர் 51 சதவீதம்; வழங்கப்படாத பிரிவில் 71 சதவீதம்.

தெரிவுகளும் பெருகியுள்ளன. ஐந்து வாரக் கதிர்வீச்சுக்கு மாற்றாக ஐந்து நாட் கதிர்வீச்சு உண்டு. கட்டி முழுமையாக மறைந்தால், அறுவையைத் தவிர்த்துக் கண்காணிக்கும் முறையைப் பிரேசில் மருத்துவர் அஞ்சலிட்டா ஹபர்-காமாவின் 2004 ஆம் ஆண்டு ஆய்வு உலகறியச் செய்தது.

பிரித்தானியாவில், தக்க காரணமின்றி வயதைக் கொண்டு மருத்துவ சேவையில் பாகுபாடு காட்டுவது 2012 ஒக்ரோபர் முதல் சட்டவிரோதமாகும். ஆனால் வீட்டு வாசலைத் தாண்டிச் சட்டம் உள்ளே வருவதில்லை. புலம்பெயர் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் மருத்துவருக்கும் தாய்தந்தையருக்கும் இடையே மொழிபெயர்ப்பவர் பிள்ளையே. "அம்மா பயந்துவிடுவார்" என்று நோயின் பெயரே மறைக்கப்படுகின்றது. "இந்த வயதில் எதற்கு வீண் வேதனை" என ஒரு பிள்ளை முடிவெடுக்கின்றது. "என்ன விலை கொடுத்தாவது" என மற்றொரு பிள்ளை நெருக்குகின்றது. இரண்டிலும் பேசாதிருப்பவர் நோயாளியே. வயிற்றில் பை பொருத்தி வாழச் சம்மதிப்பதும் மறுப்பதும் அவருடைய உரிமை. அன்பின் பெயரால் அதைப் பறிப்பதும் வயதுப் பாகுபாடே.

பிள்ளைகள் செய்யக்கூடியவை பல. மலத்தில் இரத்தம் கண்டால் மூலநோய் என ஒதுக்காது மருத்துவரிடம் காட்ட வேண்டும். இங்கிலாந்தில் பரிசோதனைப் பொதி 74 வயது வரையே தபாலில் வரும். அதன் பின்னர் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை தொலைபேசியில் கேட்டுப் பெறலாம். மருத்துவமனையில் கட்டணமற்ற மொழிபெயர்ப்பாளரைக் கோரலாம். சிகிச்சை மறுக்கப்பட்டால், "காரணம் வயதா, உடல்நிலையா?" என வினவ வேண்டும்.

அதற்கு முன், "உங்கள் விருப்பம் என்ன?" என்று பெற்றோரிடம் கேட்பதே முதற் கடமை.