நம் பைத்தியமும் தறிக்காரியின் பைத்தியமும்

சிறுபத்திரிகைக்காரர்களான நமக்குப் பைத்தியம் ஒரு படிமம். ஃபூக்கோவைப் பாதி படித்துவிட்டு, மனநோய் என்பதே அதிகாரத்தின் கற்பிதம் என்று எழுதுகிறோம். 1984இல் ஆத்மாநாம் மறைந்தபின் அவருடைய நோயையும் கவித்துவத்தில் சேர்த்துக்கொண்டோம். அவர் சிகிச்சை பெற்ற மனிதர் என்பதுதான் நமக்கு உறுத்துகிறது.

நான் இருப்பது பள்ளிபாளையத்தில். இங்கே தறி ஓட்டும் பெண்ணொருத்தி, தறி நின்ற பிறகும் யாரோ தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதாகச் சொல்லத் தொடங்கினாள். அருந்ததியர் குடும்பம். முதலாளியிடம் வாங்கிய முன்பணம் தீராமல் கணவனும் மனைவியும் ஒரே பட்டறையில். மாத்திரை இலவசம்தான். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் அவள் கூலியும் போகும், துணைக்குப் போகிறவன் கூலியும் போகும். ஒரு மாதம் போனார்கள். மறுமாதம் நின்றுவிட்டது. பிறகு உடுக்கை அடிக்கும் பூசாரி.

மூடநம்பிக்கை என்றார் நம் நண்பர், மார்க்சியர். (கூலியைப் பற்றி அவருக்கு நான் சொல்ல நேர்ந்தது.) பூசாரி இரவில் வருகிறார், வீட்டுக்கே வருகிறார், காணிக்கைக்குத் தவணை சொன்னால் கேட்டுக்கொள்கிறார். 1996இல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டமோ பகலில், குறித்த கிழமையில் நடக்கிறது. சிகிச்சை பெறுவது உரிமை என்கிறது 2017ஆம் ஆண்டுச் சட்டம். எந்த நேரத்தில் என்று சொல்லவில்லை.

ஃபானோனிடம் நாம் வன்முறையைப் பற்றி மட்டுமே படித்தோம். அவர் மனநல மருத்துவர். 1950களின் இறுதியில் டூனிஸில் பகல்நேர மருத்துவமனை நடத்தினார், நோயாளி மாலையில் தன் வீட்டுக்கே திரும்பும்படி. நோயாளியின் வாழ்க்கையை முதலில் பார்த்து, ஆஸ்பத்திரியை அதற்கேற்ப வளைத்தார். பள்ளிபாளையத்துக்கு அதன் மறுபுறம் வேண்டும்: ஷிப்ட் மாறும் நேரத்தில் திறந்திருக்கும் ஓர் அறை.

2001இல் ஏர்வாடியில் சங்கிலியோடு 28 பேர் எரிந்தபோது நாம் கவிதை எழுதினோம். 2025இல் இவ்வூர்த் தறித் தொழிலாளர்கள் கடனுக்காகச் சிறுநீரகம் விற்ற செய்தி வந்தபோது அதுவும் எழுதவில்லை. சிறுநீரகத்தை விற்கும் முன் எத்தனை இரவு அவர்கள் தூங்காமல் கிடந்திருப்பார்கள்!

மாலைநேர மனநலப் பிரிவு கேட்டு ஒரு மனு எழுதி நம்மவர்களுக்கு அனுப்பினேன். மூவர் அதன் நடையைத் திருத்தி அனுப்பியிருக்கிறார்கள். கையெழுத்து வரவில்லை.